ஒத்து ஊதிய காலியிடம்

செம்பியன்கோட்டையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, பூங்கோதை தன் நோட்டுப் புத்தகத்தின் நூற்றுப் பதினான்காம் பக்கத்தில் ஒரு பெயருக்கு வேண்டிய இடத்தைக் காலியாக விட்டுவிட்டு அடுத்த வார்த்தைக்குப் போனாள் பாருங்கள், அந்தக் காலி இடத்திலிருந்துதான் சத்தம் கிளம்பியது. பெரிய சத்தம் என்று சொல்லிவிட முடியாது. மூங்கில் துளைக்குள் போன வண்டு வெளியே வர மனசில்லாமல் உள்ளேயே சுற்றுகிற மாதிரி, ஏறாமல் இறங்காமல், ஒரே சுரம். அது நோட்டைவிட்டு எழுந்து, ஜன்னல் கம்பிக்குள் நுழைந்து, வீட்டுக்கார ரெஜினா டீச்சரின் முருங்கை மரத்தைத் தாண்டி, கடைத்தெருவுக்குப் போய், பஸ் ஸ்டாண்டுக்குப் போய், மாதா கோயிலையும் பள்ளிவாசலையும் சிவன் கோயில் குளத்தையும் ஒரு சுற்றுச் சுற்றி, அரிசி மில்லைக் கடந்து, பைபாஸ் ரோட்டில் நகராட்சி கட்டிய வரவேற்பு வளைவுக்கு வந்ததும் இதற்கு மேல் நம் ஊர் இல்லை என்று நின்றுகொண்டது. வளைவுக்கு இந்தப் பக்கம் ஒரு காலும் அந்தப் பக்கம் ஒரு காலும் வைத்து நின்றால் ஒரு காதில் கேட்கும், மறு காதில் கேட்காது.

பூங்கோதை திருச்சியில் ஒரு கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிறவள். எட்டு மாதம் விடுப்புப் போட்டுவிட்டு, ரெஜினா டீச்சர் வீட்டு மாடியில் தங்கி, அந்தக் காலத்தில் எட்டு ஜில்லாவிலும் பேர் வாங்கிய செம்பியன்கோட்டை நாதசுர சகோதரர்கள் சிங்காரவேலு, குஞ்சிதபாதம் இருவரைப் பற்றிப் புத்தகம் எழுத வந்திருந்தாள். சங்கீதப் புத்தகம் எழுதுகிறவர்கள் முதலில் ராகம் கேட்பார்கள், குரு யார் என்று கேட்பார்கள். இவள் முதலில் கேட்பது, “அன்னைக்கு என்ன சாப்பிட்டாங்க?” என்று. காதுக்கு மறந்துபோனது நாக்குக்கு மறப்பதில்லை என்பது அவள் கண்டுபிடிப்பு. எந்தக் கல்யாணத்தில் எந்தப் பாயசம் என்று ஆரம்பித்தால், பாயசத்தின் பின்னாலேயே பந்தல் வரும், பந்தலின் பின்னாலேயே மேளம் வரும், மேளத்தின் பின்னாலேயே அன்றைக்கு வாசித்த பாட்டு தானாக நடந்து வரும். அப்படி வந்ததையெல்லாம் அட்டைகளில் எழுதி, செருப்புக்கடைப் பெட்டிகளில் அடுக்கி, பதினோரு பெட்டி சேர்த்திருந்தாள்.

சேராதது ஒன்றே ஒன்று. அவளிடம் ஒரு போட்டோ இருந்தது. நடுவில் அண்ணன் தம்பி இரண்டு நாதசுரம், பக்கத்துக்கொன்றாக இரண்டு தவில், தாளம் போடுகிறவர் ஒருவர். பின்னால், ஓரமாக, அண்ணனுடைய தோளுக்குப் பாதி முகத்தைக் கொடுத்துவிட்டு, உப்பிய கன்னத்தோடு ஒத்துக்காரர். விரல் வைத்து வாசிக்க வேலையே இல்லாத நீளக் குழல் அவர் கையில். கச்சேரி ஆரம்பிப்பதற்கு முன்னால் ஆரம்பித்து, முடிந்த பிறகு முடித்து, நடுவில் மூக்கால் மூச்சை இழுத்துக் கன்னத்தில் நிறுத்தி ஒரே சுரத்தை விடாமல் ஊதுகிறவர் அவர். மற்ற எல்லாரும் ஏறி நின்று ஆடுகிற தரை. தரைக்கு யார் பேர் கேட்கிறார்கள்? கல்யாணப் பத்திரிகைகளில் அவர் பேர் இல்லை. கோயில் கணக்கில் ‘மேளம், ஆள் ஆறு’ என்று இருந்தது. ஐந்து பேருக்குப் பேர் கிடைத்தது. ஆறாவதற்குத்தான் அந்தக் காலி இடம்.

முன்னே எழுதிய ஒரு புத்தகத்தில் அவள் இப்படி ஒரு தப்புச் செய்திருந்தாள். பேண்டு வாத்தியக்காரர்களைப் பற்றிய அந்தப் புத்தகத்தில் ஒரு படத்துக்குக் கீழே ‘இடமிருந்து மூன்றாமவர்: பெயர் தெரியவில்லை’ என்று போட்டு அச்சுக்குக் கொடுத்துவிட்டாள். புத்தகக் கண்காட்சியில் ஒரு அம்மாள் அந்தப் பக்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு கால்மணி நேரம் நின்றார். “எங்க அண்ணன்ங்க இது” என்றார். அதட்டவில்லை, அழவில்லை. படத்தின் மேல் ஒரு தூசியைத் துடைத்து, புத்தகத்தை இருந்த இடத்திலேயே நேராக வைத்துவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து பூங்கோதைக்கு ‘பெயர் தெரியவில்லை’ என்று எழுதக் கை வருவதில்லை.

சத்தம் கிளம்பியதும் ஊர் என்ன செய்தது என்றால், முதலில் ஃபிரிட்ஜை அணைத்துப் பார்த்தது. அப்புறம் மில்காரரிடம் கேட்டது. மூன்றாம் நாள் சலூன்கடைக்காரர் சீப்பைக் காதுக்குப் பக்கத்தில் தட்டிப் பார்த்து, “ரெண்டு கட்டை சுருதி” என்று தீர்ப்புச் சொன்னார். ஓ, சுருதியா, சரி என்று ஊர் அவரவர் வேலையைப் பார்க்கப் போனது. சத்தம் என்றால் என்ன, ஏது என்று கேட்கலாம், சுருதியிடம் போய் என்ன கேட்பது?

பத்து நாளில் ஊர் அதோடு சேர்ந்துகொண்டது. கீரைக்காரி “அரக்கீரை, முளக்கீரை” என்று கூவினால் அது சுருதியில் போய் உட்கார்ந்தது, உட்கார்ந்ததால் கீரையும் சீக்கிரம் விற்றது. பள்ளிக்கூடத்தில் அறுநூறு பிள்ளைகள் பாடும் காலை வணக்கப் பாட்டு அறுநூறு பாட்டாக இல்லாமல் முதல்முறையாக ஒரே பாட்டாகக் கேட்டு, ஹெட்மாஸ்டர் கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார். பஸ் டிரைவர்கள் ஹாரனை மாற்றினார்கள். தொட்டிலில் போட்ட பிள்ளைகள் ஆட்டாமல் தூங்கின. சண்டைதான் ரொம்பக் கஷ்டப்பட்டது. வாய்க்கால் தெருவில் மாமியாரும் மருமகளும் “நீ யாருடி எனக்குச் சொல்ல” என்று மல்லுக்கு நின்றால், குரல் எங்கே ஏறினாலும் சுருதி பிடித்து இழுத்து ஒரு ராகத்தில் தள்ளிவிடும், மூன்றாவது வசவுக்குள் தெரு கூடித் தாளம் போட ஆரம்பித்துவிடும், இரண்டு பேரும் வெட்கப்பட்டு உள்ளே போய்விடுவார்கள். போலீஸ் ஸ்டேஷனில் எழுத ஒன்றும் இல்லாமல் ரைட்டர் கோலப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார் என்று சொல்வார்கள். வார்டு கவுன்சிலர் முபாரக், ‘நமது நகரில் கேட்டுவரும் சுரத்தை இம்மன்றம் வரவேற்கிறது’ என்று தீர்மானம் கொண்டுவந்தார், அந்தச் சுரம் எந்த வார்டில் உற்பத்தியாகிறது என்பதில் மட்டும் ஒரு மாதம் தகராறு நடந்தது. வெளியூர் போனவர்கள் வளைவைத் தாண்டியதும் இடுப்பில் சாவிக்கொத்தைத் தேடுகிறவர்கள் மாதிரி தடவிப் பார்த்துக்கொண்டு, போன வேலையைப் பாதியில் விட்டுத் திரும்பி வந்தார்கள்.

எந்த வார்டு என்று கண்டுபிடித்தது ரெஜினா டீச்சர். முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். ஒரு மத்தியானம் மாடிக்குக் காப்பி கொண்டுவந்தவர், டம்ளரை வைத்துவிட்டு, அறையில் இங்கே நாலடி அங்கே நாலடி நடந்து பார்த்து, கடைசியில் குனிந்து நோட்டில் காதை வைத்தார்.

“இங்கதான் ஊதுறான்” என்றார்.

“யாரு டீச்சர்?”

“யாருன்னு தெரிஞ்சா நீ எழுதியிருக்க மாட்டியா? இந்த ஓட்டைக்கு உரியவன்.” நிமிர்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். “பேரைக் கண்டுபிடிச்சு இங்க எழுதிட்டேன்னு வை. ஓட்டை அடைஞ்சுடும். அப்புறம் சத்தம்?”

“நின்னுடும்னு நினைக்கிறேன்.”

“ம்” என்றார் டீச்சர். அவ்வளவுதான் சொன்னார். ஆனால் கீழே போய் யாரிடமோ சொல்லியிருக்கிறார்.

அன்றிலிருந்து செம்பியன்கோட்டைக்கு ஞாபகமறதி வந்தது. எல்லாவற்றிலும் இல்லை. குஞ்சிதபாதம் எந்த நிறத்தில் அங்கவஸ்திரம் போட்டார், எந்தக் காலில் ஆணி, தவில்காரருக்கு எத்தனை தொடுப்பு, எல்லாம் சொல்வார்கள். ஒத்துக்காரர் பேர் என்று வாயைத் திறந்தால் போதும், உடனே ஒருவருக்கு அடுப்பில் பால் பொங்கும், ஒருவருக்கு மாடு அவிழ்த்துக்கொள்ளும். பூங்கோதை விடாமல் கேட்டால் ஆளுக்கொரு பேர் சொன்னார்கள். சலூன்கடைக்காரர் கலியமூர்த்தி என்றார். மில்காரர் அந்தோணிசாமி என்று அடித்துச் சொன்னார். கவுன்சிலர் முபாரக் தன் பெரிய மாமனார் பேரையே சொல்லிப் பார்த்தார். எதை எழுதினாலும் அந்த இடத்தில் மை நிற்கவில்லை. உதிர்ந்த இமைமுடி மாதிரி எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தாளைவிட்டு வழுக்கி மேஜையில் விழுந்தன, பூங்கோதை அவற்றை ஊதித் தள்ளிவிட்டு அடுத்த பேரைக் கேட்கப் போனாள். நாற்பத்தோரு பெயர்கள் இப்படி உதிர்ந்தன.

அதற்குள் சத்தம் கிளம்பி ஐந்து மாதம் ஆகிவிட்டது. பதிப்பாளர் ஞானராஜ் சென்னையிலிருந்து ஒரு நாளைக்கு இரண்டு தடவை கூப்பிட்டார்.

“அது என்னங்க மேடம் எப்பவும் பின்னாடி ஒரு சத்தம்?”

“ஒத்துங்க.”

“நல்லா இருக்கு. நீங்க அந்த இடத்தை அப்படியே விட்டுட்டு அனுப்புங்க. கண்காட்சிக்குப் புத்தகம் வரணும். ஒரு பேருங்க. யாரு பார்க்கப்போறாங்க?”

“பார்ப்பாங்க சார்.”

“யாரு?”

“கால்மணி நேரம் நின்னு பார்ப்பாங்க” என்றாள் பூங்கோதை. ஞானராஜுக்குப் புரியவில்லை. வரும் வெள்ளிக்கிழமைக்குள் கைப்பிரதி வராவிட்டால் அடுத்த வருஷம்தான் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். அடுத்த வருஷம் அவளுக்கு விடுப்பு இல்லை, இந்த ஊர் இல்லை, இந்தச் சுருதியும் இல்லை.

வேறு வழி தெரியாமல் பூங்கோதை தன் பழைய கேள்விக்கே திரும்பினாள். பேரைக் காவல் காத்த ஊருக்குச் சாப்பாட்டைக் காவல் காக்கத் தோன்றவில்லை. அந்தக் காலத்தில் கல்யாணங்களுக்குச் சமைத்த ஒரு சமையல்காரர் வீட்டுக்குப் போய், வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்த பெரியவரிடம், “மேளக்காரங்களுக்கு என்னங்க போடுவீங்க?” என்று சும்மா கேட்டாள். அவர் சந்தோஷமாக ஆரம்பித்துவிட்டார்.

“அண்ணனுக்கு ரசம் தனியா வேணும். தம்பி வெண்டைக்காயைத் தொடமாட்டார். தவில்காரங்க ரெண்டு பேரும் இலையை எடுக்கவிட மாட்டாங்க. ஒத்துக்காரருக்கு மட்டும் முன்னாடி ஒண்ணும் கிடையாது. வயிறு நிறைஞ்சா மூச்சு நிக்காதுல்ல. எல்லாம் முடிஞ்சப்புறம் அவர் பொண்ணு தூக்குவாளியோட வந்து நிக்கும். குட்டியூண்டு பொண்ணு. அதுலேயே கை பழகித்தான் இப்ப பஸ் ஸ்டாண்டுல பணியாரம் இந்தப் போடு போடுது…”

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். முறம் கையிலிருந்து நழுவி உளுந்து வாசலெல்லாம் ஓடியது. பூங்கோதை உட்கார்ந்து அதைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள்.

தனபாக்கியத்துக்கு அறுபது வயசு. குழிப்பணியாரச் சட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தவர், பூங்கோதையைப் பார்த்ததும் “வந்துட்டியாம்மா” என்றார். “இத்தனை மாசமா வாயைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். கவுன்சிலர் வந்து சத்தியம் வாங்கிட்டுப் போனாரு. டீச்சர் வந்து வாங்கிட்டுப் போனாங்க. எதிர்ல டீக்கடைக்காரன் தினமும் வாங்குறான். நாலு தடவை என் கடையைத் தாண்டிப் போன. நாலு தடவையும் பணியாரம் வாங்கித் தின்ன. ஒரு தடவையாச்சும் உங்க அப்பா யாருன்னு கேட்டியா?”

“தோணலைங்கம்மா.”

“எப்படித் தோணும்? எனக்கே சொல்லணும்னு இருக்கும். சொன்னா நின்னுடும்ங்கிறாங்க.” அவர் மாவுக் கரண்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு காதைக் கொஞ்சம் சாய்த்தார். “எங்க அப்பா மூச்சும்மா இது. காலையில அடுப்புப் பத்த வைக்கிறப்ப கூடவே இருக்கு. அவர் உசுரோட இருந்தப்பக்கூட இத்தனை நாள் வீட்டோட இருந்ததில்ல.”

இந்த அம்மாளிடமிருந்து இதை வாங்கிக்கொண்டு போய் ஒரு பக்கத்தை நிரப்புவதா? பெரிய காரியம்தான் புத்தகம், ஆனால் இவ்வளவு பெரிதா? பூங்கோதை நோட்டை மூடிப் பையில் போட்டாள். பைக்குள்ளிருந்தும் சுருதி வந்துகொண்டே இருந்தது.

“சொல்லாதீங்கம்மா. இருக்கட்டும். நோட்டை உங்ககிட்டயே குடுத்துட்டுப் போறேன். நான் வேற புத்தகம் எழுதிக்கிறேன்.”

“அதெல்லாம் ஒண்ணும் வேணாம், உக்காரு. நாலு சாப்பிட்டுப் போ.” தனபாக்கியம் குழிகளில் மாவை ஊற்றினார். ஊற்றிக்கொண்டே, பேச்சோடு பேச்சாக, “ஆமா, எப்ப மங்களம்?” என்றார்.

“எதுக்குங்க?”

“கச்சேரிக்குத்தான். மங்களம் வாசிச்சு முடிச்சு, பெரியவர் சிங்காரவேலு குழலை இறக்கி வெச்சாத்தான் எங்க அப்பா வாயை எடுப்பாரு. அதுக்கு முன்னாடி கழுத்தை வெட்டினாலும் எடுக்க மாட்டாரு. ஒரு தடவை மாரியம்மன் தேருக்குப் பெரியவர் ஆறு மணி நேரம் வாசிச்சாரு. வீட்டுக்கு வந்து அப்பாவால ரெண்டு நாள் சோத்தை மெல்ல முடியல. நான்தான் கஞ்சி வெச்சு, கன்னத்துக்கு ஒத்தடம் குடுத்து…”

கரண்டி அந்தரத்தில் நின்றது. மாவு ஒரு குழியில் நிறைந்து, வழிந்து, அடுத்த குழிக்குப் போனது.

“ஆறு மணி நேரத்துக்கே அப்படி” என்றார் தனபாக்கியம் மெதுவாக. “இப்ப அஞ்சு மாசமாச்சு.”

அவ்வளவுதான். அடுப்பை அணைத்தார், முந்தானையை இழுத்துச் செருகினார், பஸ் ஸ்டாண்டுக்கு நடுவில், மூன்றாம் நம்பர் பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றார். செம்பியன்கோட்டை அந்தச் சண்டையை இன்னும் பேசுகிறது, ஏனென்றால் ஐந்து மாதத்தில் சுருதியோடு சேராத ஒரே சண்டை அதுதான்.

“ஏன்யா, மனுஷங்களாய்யா நீங்க? உங்க குக்கரும் ஹாரனும் சுருதியா கத்தணும்னு ஒரு ஆளு அஞ்சு மாசமா மூச்சு வாங்காம நிக்கணுமா? உங்க வீட்டுப் பிள்ளை தூங்க எங்கப்பன் முழிச்சிருக்கணுமா? கவுன்சிலரே, ஓடாத, இங்க வா! என்கிட்ட சத்தியம் வாங்கினியே, ஒரு தடவையாச்சும் அவர் கன்னம் என்னாவும்னு நினைச்சியா? எனக்கும் புத்தியில்ல, நானும்தான் நினைக்கல!”

கவுன்சிலர் முபாரக் பஸ்ஸுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். டீக்கடைக்காரர் பாய்லர் தீயைச் சின்னதாக வைத்தார். அங்கிருந்த ஒவ்வொருவரும் தன்னையறியாமல் கையைக் கன்னத்தில் வைத்துத் தடவிக்கொண்டார்கள். ரெஜினா டீச்சர் தபால் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, “கணக்குல தப்பு என் பேர்ல இருக்கட்டும்” என்றார்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் குளத்துப் படித்துறையில் மங்களம் என்று முடிவாயிற்று. பக்கத்து ஊரிலிருந்து ஒரு மேளம் வந்தது. வந்தவர்கள் வளைவைத் தாண்டியதும் சுருதிப் பெட்டியை எடுத்துப் பையில் வைத்துவிட்டு, வெறும் கையால் கும்பிட்டுக்கொண்டே ஊருக்குள் நடந்தார்கள். ஊர் மொத்தமும் படிகளில் உட்கார்ந்தது. தண்ணீருக்குப் பக்கத்தில் ஒரு மேஜை, அதன் மேல் நோட்டு, நூற்றுப் பதினான்காம் பக்கம் திறந்திருந்தது. கவுன்சிலர் பொன்னாடை கொண்டுவந்திருந்தார். யாருக்குப் போடுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் விழித்துவிட்டு நோட்டுக்குப் போர்த்தினார், பூங்கோதை எழுதுவதற்காக அதைக் கொஞ்சம் விலக்கிக்கொண்டாள்.

மேளக்காரர்கள் மங்களத்தை அவசரப்படாமல் வாசித்தார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை, செருப்பைத் தேடவில்லை, அது ஒன்றே அந்த ஊர் வரலாற்றில் எழுத வேண்டிய செய்தி. கடைசி அடி முடிந்தது. நாதசுரக்காரர் குழலை இறக்கி மடியில் வைத்தார். தனபாக்கியம் பூங்கோதையின் தோளுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

“எழுதிக்கம்மா. மு. அய்யாக்கண்ணு.”

பூங்கோதை ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். மு என்று போட்டாள், மை நின்றது. அய்யா என்று போட்டாள், நின்றது. கடைசி எழுத்தின் வளைவைச் சுற்றி முடித்துப் பேனாவை எடுத்தபோது சுருதி நின்றது.

இப்படி ஒரு நிசப்தத்தை யாரும் கேட்டதில்லை. குளத்தில் மீன் திரும்புவது கேட்டது. பிள்ளைகளெல்லாம் ஒன்றாக விழித்துக்கொண்டு, அழுவதா வேண்டாமா என்று அம்மாக்களின் முகத்தைப் பார்த்தன. தனபாக்கியம் கண்ணை மூடிக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

அப்புறம் நோட்டிலிருந்து ஒரு மூச்சு வந்தது. மேல்படியில் காய்ந்த புடவைகள் புடைத்துக்கொண்டன, தண்ணீர் எதிர்க்கரை வரைக்கும் சுருங்கிப் போய் வந்தது, கவுன்சிலரின் பொன்னாடை பறந்து ரெஜினா டீச்சர் மடியில் விழுந்தது. “அப்பாடா” என்றது ஒரு குரல். உபயோகிக்காமல் வைத்திருந்ததால் புதுசாகவே இருந்த குரல்.

“பாக்கியம், நீயா கூட இருக்க?”

“நான்தாம்ப்பா” என்றார் தனபாக்கியம்.

“எழுதுறது யாரு?”

“நான்தாங்க, பூங்கோதை.”

“நல்லா எழுதியிருக்கம்மா. அஞ்சு மாசமா உள்ள இருந்து வாசிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். ஆனா மூணாவது அத்தியாயத்துலேருந்து பூராவும் தப்பு.”

படித்துறை முழுக்கச் சிரித்தது. மேளக்காரர்கள்தான் முதலில் சிரித்தார்கள். பூங்கோதைக்கு முகம் சிவந்துபோனது. “எல்லாரையும் விசாரிச்சுத்தாங்க எழுதினேன்” என்றாள்.

“முன்னாடி உக்காந்து கேட்டவனுக்கு முன்பக்கம் தெரியும். வாசிச்சவனுக்கு வாசிச்சது தெரியும். பின்னாடி நின்னுக்கிட்டு, பேச வழியில்லாம, இருபத்தேழு வருஷம் எல்லாத்தையும் பார்த்தவன் நான் ஒருத்தன்தான். அண்ணனும் தம்பியும் ஒரு வருஷம் பேசிக்கவே இல்லியே, தெரியுமா? தோள் ஆடுறதை வெச்சே ரெண்டு பேரும் வாசிச்சாங்க, தெரியுமா? அதெல்லாம் நாக்கு நுனியில வெச்சுக்கிட்டு எப்படித் தவிச்சேன்! வாயில குழல்.”

பூங்கோதையின் பையில் போன் அடித்தது. ஞானராஜ். “மேடம், நாளைக்கு வெள்ளிக்கிழமை” என்றார்.

“அடுத்த வருஷம் பார்க்கலாம் சார்” என்றாள் பூங்கோதை. விடுப்பைப் பற்றி அப்புறம் யோசித்துக்கொள்ளலாம். போனை வைத்துவிட்டு ஒரு புதுப் பக்கத்தைத் திருப்பினாள். கீழ்ப்படியில் இருந்தவர்கள் மேஜையை நோக்கி நகர்ந்தார்கள், மேல்படியில் இருந்தவர்கள் கீழே இறங்கினார்கள், கடைக்குப் போகிறேன் என்று கிளம்பியவர்கள் திரும்பி வந்து இடம் பிடித்தார்கள்.

“அன்னைக்கு என்ன சாப்பாடுன்னு கேப்பியே” என்றது குரல். “அதுக்கு முன்னாடி ஒண்ணு எழுதிக்க. அன்னைக்கு நல்ல மழை.”